ஏழாவது கண்ணாடியும் பதினோரு நாளும்

நான் ஓய்வு பெற்ற அன்று கல்லூரியில் சால்வை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "உங்க அனுபவத்துலேருந்து சின்னவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க. கவனம், கடமை, அந்த மாதிரி" என்றார் முதல்வர். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கவனத்தைப் பற்றி நீங்கள் கையேட்டில் படித்துக்கொள்ளலாம். கையேட்டில் இல்லாத ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். அது பொறாமை. ஆய்வுக்கூடத்தில் லேசர் கதிருக்குக் கண்ணாடி பொருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன். மேடையில் சொல்லக்கூடியதில்லை. எழுதித்தான் கொடுக்க முடியும்.

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பத்தாவது பாஸ். பாலிடெக்னிக்கில் ஒரு வருஷம். லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அப்பா ஒரு நாள் படுத்தார், எழுந்திருக்கவில்லை. நான் படிப்பை விட்டேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தை மைன்ஸ் என்பார்கள். அங்கே பாறையில் வெடிக்குத் துளை போடும் இயந்திரத்தில் மூன்று வருஷம் நின்றேன். பிறகு லாரியில் கிளீனர், சென்னையில் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிற பட்டறை, பெங்களூரில் மைக்ராஸ்கோப் பாகம் கடைகிற பட்டறை. எந்த ஊரிலும் மூன்று வருஷத்துக்கு மேல் என் கால் தங்காது. பெங்களூரில் எட்டு மாதம் லேத்துக்கு அடியிலேயே படுத்தேன். இரும்புத்தூள் காதுக்குள் போகும். அது ஒன்றுதான் குறை.

இனி சார், இந்த ஆய்வுக்கூடத்தை ஆரம்பித்தவர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் முன்னால் முனைவர் என்று போட வேண்டும். ஆலத்தியூர்ப் பள்ளிக்கூடத்தில் நானும் அவரும் ஒரே பெஞ்சு. எட்டாவது வரை கணக்கில் நான்தான் முதல். ஒன்பதாவதில் இரண்டு பேரும் சமம். பத்தாவதில் அவர் முதல். அதற்குப் பிறகு ஒப்பிட ஒன்றும் இல்லை. அவர் திருச்சிக்குப் படிக்கப் போனார், அங்கிருந்து வெளிநாடு போனார். நான் மைன்ஸுக்குப் போனேன். ஒருநாள் கோயம்புத்தூரில் வடை கட்டிக் கொடுத்த காகிதத்தில் அவர் படம் இருந்தது. ஒளியை வைத்துக் கணினி செய்கிற ஆராய்ச்சியில் நம் மாவட்டத்துக்காரர் என்று போட்டிருந்தார்கள். எண்ணெய் ஊறி நெற்றி மட்டும் மறைந்திருந்தது. வடையை முழுக்கத் தின்றுவிட்டுத்தான் காகிதத்தை எறிந்தேன்.

நாற்பத்தைந்து வயதில் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். சார் வந்தார். வில்லையை வெட்டி, விளிம்பு தேய்த்து, சட்டத்தில் பொருத்திக் கொடுத்தேன். விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"யாருங்க இத வெட்டுனது?"

"ஏங்க, சரியில்லீங்களா?"

"ரொம்பச் சரியா இருக்கு. அதான் கேட்டேன்." நிமிர்ந்து பார்த்தார். "டேய்... செல்வராசுதானே?"

"ஆமாங்க."

"என்னடா ஆமாங்க? நான்தான்டா!"

"தெரியுதுங்க."

அரைமணி நேரமாகத் தெரியும். தெரிந்துதான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அரியலூர் ரோட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவருக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அங்கே ஆய்வுக்கூடம் போடுகிறேன், கண்ணாடி பொருத்த ஆள் வேண்டும், வருகிறாயா என்றார். வெளிநாட்டை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்டேன். "அங்க எனக்கு மேல நாப்பது பேருடா. இங்க கல்லுலேருந்து நானே ஆரம்பிக்கலாம்" என்றார். போனேன். வேலைக்காகப் போனேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். உண்மையில், எவ்வளவு உயரத்துக்குப் போய்விட்டான் என்று பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் போனேன்.

கல்லுலேருந்து என்று அவர் சொன்னது நிஜமாகவே கல்தான். அதிர்வு தாக்காமல் காற்றில் மிதக்கிற மேசை வாங்க வழியில்லை. பெரம்பலூர்ப் பக்கத்துக் குவாரியில் ஒரு கருங்கல் பலகையை அறுத்து வாங்கி, ரப்பர் கட்டைகள் மேல் வைத்தோம். அதன்மேல்தான் எல்லாக் கண்ணாடிகளும்.

முதல் வாரத்திலேயே ஒரு கண்ணாடியைக் கெடுத்தேன். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன் கையில் எந்தக் கண்ணாடி கிடைத்தாலும் வாய்ப்பக்கம் கொண்டுபோய் ஹா என்று ஊதித் துணியால் துடைப்பான். நினைத்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். லேசர் கண்ணாடியின் மேல்பூச்சு அதைத் தாங்காது. மூன்று கோடு விழுந்துவிட்டது. சார் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊதினியா?"

"ஆமா."

"இனிமே இந்த ரூமுக்குள்ள மூச்சே விடாத" என்றார். அவ்வளவுதான். வந்த புதிதில் தெரியாததைக் கேட்டுச் செய்வீர்கள், அதனால் தப்பு வராது. பழைய வேலையில் நன்றாகத் தெரிந்ததைக் கேட்காமல் செய்வீர்கள். அங்கேதான் கெட்டுப்போகும்.

அவரைத் தனியாக இருக்கும்போது டா போட்டுத்தான் கூப்பிடுவேன். மூன்றாவது மாதம் திருச்சியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததை மறந்து, "டேய், இங்க வந்து பாருடா, கதிர் வந்துட்டு" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. "சார்" என்றேன். திரும்பினார். முதல் தடவை காதில் விழவில்லையோ என்னவோ, நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து தனியாக இருந்தாலும் சார்தான். அவரும் டா போடுவதை விட்டுவிட்டார்.

நாங்கள் செய்தது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரித் தலைவர் ஒருமுறை பார்க்க வந்தபோது சார் சொன்ன விளக்கம் இது.

"அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு வாசல்னு வச்சுக்குங்க. ரெண்டு பேரு, ஆளுக்கொரு வாசல்ல, ஒரே நேரத்துல உள்ள வராங்க. வெளிய போறப்ப எப்படிப் போவாங்க?"

"அவனவன் பஸ்ஸு எங்க நிக்குதோ அப்படி."

"மனுசங்க அப்படிப் போவாங்க. ஒளித்துகள் போகாதுங்க. ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு போல இருந்து, ஒரே நேரத்துல வந்துச்சுன்னா, ரெண்டும் சேந்து ஒரே வாசல்லதான் வெளிய போகும்."

"லவ்வா தம்பி?" என்றார் தலைவர்.

"அப்படியும் வச்சுக்கலாங்க. இதச் சரியாப் பண்ணிட்டா, ஒளிய வச்சுக் கணக்குப் போடுற மெஷினுக்கு இதான் முதல் படி."

பஸ் ஸ்டாண்டு என்று அவர் சொன்னது விரலளவு கண்ணாடி. பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும். வெளியே போகும் இரண்டு வாசலிலும் ஒரே சமயத்தில் துகள் வருகிறதா என்று ஒரு கருவி எண்ணும். எல்லாம் சரியாக இருந்தால் அந்த எண்ணிக்கை விழுந்து, திரையில் கோடு ஒரு குழியாக இறங்கும். அதைப் பள்ளம் என்போம். பள்ளம் ஆழமாக இருந்தால் வேலை நடக்கிறது. ஒரு துகள் வரும் பாதை தலைமுடியில் சிறு பங்கு கூடினாலும், கதிர் துளி விலகினாலும், இரண்டும் வேறு வேறு ஆகிவிடும். பள்ளம் தூர்ந்துபோகும்.

தலைவர் சிரித்துக்கொண்டே போனார். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒரே பெஞ்சில் இருந்து கிளம்பிய இரண்டு பேரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேர் பாதையில் எது கூடியது? என் அப்பா ஒரு நாள் படுத்துவிட்டார், அவ்வளவுதானே.

ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குக் கை வராது. கண்ணாடியின் திருகைத் தொட்டால் கதிர் சுவருக்கு ஓடும். "உன் விரலக் குடுத்துட்டு என் டிகிரிய வச்சுக்கயேன்" என்பார். "டிகிரிய வச்சு நான் என்ன பண்றது சார், கடைல மாட்டி வைக்கவா?" என்பேன். அவர் சிரிப்பார். எனக்கு அன்று முழுக்க வயிறு எரியும்.

ஐந்தாவது வருஷம். கோமதி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திருமானூர்ப் பெண். அப்பாவுக்குக் கொல்லிடக் கரையில் கரும்பு. இரண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்கு வந்துவிடுவாள். சாரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் ஆள். என்னை அண்ணே என்பாள். நான் திருகைத் திருகினால் பக்கத்தில் நின்று எத்தனை சுற்று என்று எழுதுவாள்.

அந்த வருஷம் ஏழாவது கண்ணாடியின் தாங்கிக்கு அடியில் போடும் வளையம் வெளிநாட்டிலிருந்து வரத் தாமதமானது. "ஒரு வளையத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கணுமா சார்?" என்று அரியலூரில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போய் நானே பித்தளையில் கடைந்து வந்தேன். பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. சார் அதைப் பேராசிரியர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "இது மாதிரி பெங்களூர்ல ஒருத்தன் பண்ணட்டும் பாப்போம்" என்றார். கோமதி கைதட்டினாள். யார் எதைப் பொருத்தினார்களோ அவர்கள் பெயரைச் சின்னக் காகிதத்தில் எழுதி அதன்மேல் ஒட்டுவது எங்கள் வழக்கம். ஏழு, செல்வராசு. என் வேலைக்கு மற்றவர்கள் முன்னால் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

பத்து நாளில் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் பள்ளம் ஆழமாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் மெதுவாகத் தூரும். மறுநாள் காலை நான் சரிசெய்வேன், மதியம் மறுபடி தூரும். வெயில் என்று நினைத்தோம். ஜன்னலுக்குத் தெர்மோகோல் அடைத்தோம். இன்னொரு ஏசி போட்டோம். மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று ஸ்டெபிலைசர் வைத்தோம். சாருக்கு அதிர்வு என்றும் சந்தேகம் வந்தது. சிவில் துறையில் கருவி இரவல் வாங்கி அளந்தோம். பன்னிரண்டு மணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை அளந்தோம். ஒன்றும் இல்லை. அதிர்வு இல்லை என்று கோமதி எழுதிவிட்டாள்.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் அனுப்பும் கமிட்டி வர மூன்று வாரம் இருந்தது. அவர்கள் பார்த்துச் சரி என்றால் ஆய்வுக்கூடம் நிற்கும், கோமதிக்கு உதவித்தொகை இன்னும் இரண்டு வருஷம் வரும். இல்லையென்றால் அறை சிவில் துறைக்குப் போய்விடும். "பரவால்ல, வூட்ல ஜாதகம் எடுத்து ரெடியா வச்சிருக்காங்க. எனக்கொரு வேல இருக்கு" என்பாள் சிரித்துக்கொண்டு. சிரிப்பு கண் வரைக்கும் வராது.

ஒரு மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தாள். சோதிப்பதற்காக விடும் சிவப்புக் கதிர் எரிந்துகொண்டிருந்தது. கடைசிக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு அட்டையில் அதன் புள்ளி. நான் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். தூரத்தில் மைன்ஸில் சங்கு ஊதியது. கேட்டுக் கேட்டுப் பழகிய எங்கள் பக்கத்துக்காரர்கள் காதில் அது விழாது. காக்கை கத்துவது போல. ஆனால் நான் மூன்று வருஷம் அங்கே நின்றவன். சங்கு ஊதினால் வெடி வரும் வரை என் மனது தானாகக் காத்திருக்கும். காத்திருந்தது. வெடித்தது. கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அட்டையில் புள்ளி ஒருமுறை நடுங்கி, பழைய இடத்துக்கு வந்தது. அப்புறம், பார்க்கப் பார்க்க, எறும்பு நகர்வதை விட மெதுவாக ஒரு பக்கம் சரிய ஆரம்பித்தது.

ஒவ்வொரு கண்ணாடிக்கும் அடுத்து ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் புள்ளியைப் பார்த்தேன். ஆறு வரை புள்ளி அசையவில்லை. ஏழில் அசைந்தது. என் வளையம். உள் விளிம்பில் பிசிறு ஒன்றை எடுக்காமல் விட்டிருக்கிறேன். தாங்கி அந்தப் பிசிறு மேல் உட்கார்ந்திருக்கிறது. வெடி அதை ஒரு நூல் நகர்த்துகிறது, பிறகு தானாகச் சரிகிறது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாராட்டு போய்விடும் என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். பெரிய காரணத்தை எழுதுவதற்குத்தான் இதை எழுதுகிறேன். உலகத்தில் எல்லாம் தெரிந்த அந்த மனிதர் வெள்ளைப் பலகையின் முன்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். விடை எனக்குத் தெரியும். எட்டாவது வகுப்புக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று உங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் ஒரு நாள் கூட வைத்துக்கொண்டேன். இப்படிப் பதினோரு நாள்.

நடுவில் ஒருநாள் சார் எழுதுகோலை மூடி வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "செல்வராசு, உனக்கு என்னடா தோணுது?"

அந்த டா எத்தனையோ வருஷம் கழித்து வந்தது. அப்போதாவது இளகியிருக்கலாம்.

"எனக்கு என்ன சார் தெரியும். நான் பத்தாவது."

அவர் முகம் சுண்டியது. எழுந்து போய்விட்டார்.

இதைவிட மோசமானது அடுத்து வந்தது. கோமதி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, ஒண்ணு கவனிச்சீங்களா? ஞாயித்துக்கிழம எல்லாம் பள்ளம் சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிக்குது. ஏன்?"

ஞாயிற்றுக்கிழமை அங்கே வெடி கிடையாது. நெருங்கிவிட்டாள். இன்னும் ஒரு படிதான்.

"ஞாயித்துக்கிழம ஹாஸ்டல்ல பாதிப் பேரு ஊருக்குப் போயிடுறாங்கம்மா. லோடு இருக்காது. வோல்டேஜ் நிக்கும்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"அட, ஆமால்ல!" என்று என் முன்னாலேயே எழுதிக்கொண்டாள். கமிட்டிக்குக் கொடுக்கும் அறிக்கையில் அவள் பெயரில் அது போயிற்று. மதியச் சரிவுக்குக் காரணம் மின்னழுத்தம்.

சும்மா இருப்பது ஒரு தப்பு. சும்மா இருப்பவனிடம் யாராவது வந்து கேள்வி கேட்டே தீருவார்கள். அப்போது பொய் சொல்ல வேண்டி வரும். இரண்டுக்கும் நடுவில் நிற்க இடம் கிடையாது. உங்கள் மேசையில் எதையாவது பார்த்தால் கை கழுவுவதற்கு முன் நோட்டில் எழுதிவிடுங்கள்.

கமிட்டி வந்தது. மூன்று பேர். தலைவர் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா. கழுத்தில் தொங்கிய கண்ணாடியில் இடது வில்லை சரியாக வெட்டப்படவில்லை, அதை மட்டும் நான் கவனித்தேன். பதினொன்றுக்கு வர வேண்டியவர்கள் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். பள்ளத்தைப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். சாப்பிடப் போனார்கள். ஒன்றரைக்குச் சங்கு ஊதியது. அவர்கள் திரும்பி வந்தபோது பள்ளம் பாதி தூர்ந்திருந்தது.

"இது என்னம்மா?" என்றார் தலைவர்.

கோமதி அறிக்கையில் இருந்ததைச் சொன்னாள்.

"ஸ்டெபிலைசர் போட்டாச்சுன்னு அடுத்த பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்களே. போட்ட பிறகும் வோல்டேஜா? இதுக்கு என்ன அளவு எடுத்தீங்க?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னீர்களே, மீதியையும் சொல்லுங்கள் என்பது போலப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அளவு எடுக்காம எழுதுறதா ஆராய்ச்சி?" என்றார் இன்னொருவர்.

அப்போது சார் முன்னால் வந்தார். "மேடம், இது என் தப்பு. மேசையோட ஒவ்வொரு பொருளுக்கும் நான்தான் பொறுப்பு. இந்தப் பொண்ணு நான் விட்ட இடத்துல தடுமாறுது. எழுதுறதா இருந்தா என் பேர எழுதிக்குங்க."

நல்ல மனசோடு நான் வாயைத் திறந்தேன் என்று நினைக்காதீர்கள். கோமதியின் கண்ணைப் பார்த்து வராத சொல் அப்போதுதான் வந்தது. முதல் ரேங்க் அவருக்கு, வெளிநாடு அவருக்கு, படம் அவருக்கு. இப்போது நான் கடைந்த பித்தளையில் நான் விட்ட பிசிறையும் அவரே எடுத்துக்கொண்டு பெரிய மனிதர் ஆகிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை. தப்பையாவது எனக்கு விடடா.

"அது கரண்டு இல்லீங்க" என்றேன். "வெடி."

எல்லோரும் திரும்பினார்கள்.

"மைன்ஸ்ல மதியம் வெடி வைப்பாங்க. அதுல ஏழாவது கண்ணாடி நகருது. அதுக்கு அடியில இருக்குற வளையம் நான் கடைஞ்சது, பிசிறு எடுக்கல. சார் மேலயும் தப்பில்ல, அந்தப் பொண்ணு மேலயும் தப்பில்ல. மூணு மணிக்குக் கிழக்கால இருக்குற இன்னொரு மைன்ஸ்ல வெடிப்பாங்க. நின்னு பாருங்க."

நின்றார்கள். சிவப்புக் கதிரை விட்டு அட்டையை வைத்தேன். சங்கு ஊதியது. தலைவர் கழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். புள்ளி நடுங்கியது, நின்றது, சரிய ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நாள் போதுங்க."

"ஒரு மாசம் எடுத்துக்குங்க. மதியக் கணக்கோட புது அறிக்கை அனுப்புங்க. இன்னைக்கே வேண்டாம்னு நான் எழுதிடப் போறதில்ல." பிறகு சாரிடம் சொன்னார்: "இவர மாதிரி ஒருத்தர் எங்க லேப்ல இல்ல."

சார் என் தோளில் கை வைத்தார். வாய் நிறையச் சிரித்தார். இப்போதுதான் நான் கண்டுபிடித்தேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

மறுநாள் வளையத்தைக் கழற்றிப் பிசிறை எடுத்துக்கொண்டிருந்தேன். கோமதி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நான் ஞாயித்துக்கிழமயப் பத்திக் கேட்டனே."

"கேட்ட."

"அப்பவே தெரியும்."

"தெரியும்."

டார்ச் அசையவில்லை. "சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. புது அறிக்கை போனது, உதவித்தொகை வந்தது, அறை தப்பித்தது. ஆனால் அன்றிலிருந்து நான் எந்தத் திருகைத் திருகினாலும், நான் தேநீர் குடிக்கப் போன பிறகு அவள் ஒவ்வொன்றையும் மறுபடி அளந்து பார்ப்பாள். ஜன்னல் வழியாகத் தெரியும். இரண்டு வருஷம், தினமும். நான் தேநீரை மெதுவாகக் குடிப்பேன்.

அவள் ஆய்வேடு எழுதி முடிக்கும் நேரம். பிழைகளைப் பற்றிய அத்தியாயம். மடிக்கணினியைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். சரிவுக்குக் காரணம் வெடியதிர்வும் ஏழாம் தாங்கியின் வளையமும், இதைக் கண்டறிந்தவர் தொழில்நுட்ப உதவியாளர் செல்வராசு, கண்டறிந்த நாள் என்று எழுதி, அதற்குப் பிறகு இடம் விட்டிருந்தாள்.

"எந்தத் தேதியப் போட அண்ணே? கமிட்டி வந்த தேதியா, அதுக்கு முன்னாடியா?"

குத்திக் காட்டவில்லை. அவளுக்கு நிஜமாகவே பதில் வேண்டும். தவறான தேதியை அவள் எழுத மாட்டாள், என்னைக் கேட்காமல் சரியான தேதியையும் எழுத மாட்டாள். கமிட்டி தேதியைச் சொன்னால், நெருக்கடியில் வாய் திறந்து ஆய்வுக்கூடத்தைக் காப்பாற்றியவன் என்ற பெயர் அப்படியே இருக்கும். முந்தைய தேதியைச் சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் சார் படிப்பார். நான் என்ன செய்தேன் என்று தெரியும்.

ஆனால் கமிட்டி வந்த நாளில் அது அவருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு முன் பதினோரு நாள், அது எனக்கு மட்டுமே தெரியும். அந்தப் பதினோரு நாளை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

"முன்னாடி உள்ளதப் போடும்மா" என்றேன்.

தேதியைச் சொன்னேன். எழுதினாள். ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து சார் ஆய்வேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். விரல் அந்தப் பக்கத்தில் இருந்தது.

"பதினோரு நாளாடா?"

"ஆமா."

"அந்தப் பொண்ண அங்க நிக்க வச்சிட்டியேடா."

"ஆமா."

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். பை எடுத்துக்கொண்டு கிளம்ப எனக்குத் தெரியும், அதுதான் என் பழக்கம். அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"எங்க நின்னு பாத்த?"

காட்டினேன்.

"கைய எங்க வச்சிருந்த?"

காட்டினேன். ஆய்வேட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து, நான் காட்டிய இடத்தில் நின்று, கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். மணி ஒன்று இருபது. சிவப்புக் கதிரை விடச் சொன்னார். விட்டேன். அட்டையைக் கேட்டார். வைத்தேன்.

"பிசிறு எடுத்து ரெண்டு வருசம் ஆச்சு சார். இப்ப அசையாது."

"தெரியும்டா. சும்மா இரு."

அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். கோபம் கொஞ்சம்தான் இருந்தது. மீதி வேறு. முப்பது வருஷமாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் நான் தினமும் பார்த்த என் முகம் அது.

சங்கு ஊதியது. வெடித்தது. புள்ளி அப்படியே நின்றது. அவர் கையை எடுக்கவில்லை. குனிந்து அதையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.